பனி ஏன் சாம்பலாக வருகிறது? கேள்வி-பதில்

ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் உறைபனியைப் படம் எடுத்தேன். நேரில் பளிச்சென்று இருந்த புல்வெளி, கருப்பு வெள்ளையில் சிமெண்டுத் தரை மாதிரி வருகிறது. கேமரா பழுதா? (பெருந்துறை)

கேமராவுக்கு ஒன்றும் இல்லை. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கத்தான் அதில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்குத் தெரியும். உறைபனிக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குங்கள். காஷ்மீரின் குல்மார்க் மாதிரி ஃப்ரேம் முழுக்கப் பனி என்றால் ஒன்றரை, இரண்டு வரை போகலாம். ஹிஸ்டோகிராம் (திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தை நெருங்கட்டும், முட்ட வேண்டாம். அப்புறம், ராவில் (RAW, கேமரா பதிவு செய்வதைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்) எடுங்கள்.

கோவையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஊட்டி உறைபனி கிடைக்கும்?

முந்தின நாளே போய்த் தங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு வானம் தெளிவாக, காற்று அடங்கி இருந்தால் பள்ளமான புல்வெளிகளில் படியும். வெயில் பட்டால் அரை மணி நேரம்தான் தாங்கும். காலை டிபனை முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் தாண்டுகிறவருக்கு ஈரப்புல்தான் மிச்சம். இ-பாஸ் மறக்காதீர்கள்.

பனிக்குச் சிவப்பு ஃபில்டர் உதவுமா? ஃபிலிமில் எடுக்கிறேன். (ஈரோடு)

வானம் நீலமாக இருந்தால் உதவும். பனிமேல் விழும் நிழலில் இருப்பது வானத்தின் நீலம். சிவப்பு அதைக் கறுப்பாக்குவதால் மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். மூன்று ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், ஸ்டாண்ட் வேண்டும். எனக்கு ஆரஞ்சே போதும். மூட்டமான நாளில் எதை மாட்டினாலும் வீண்.

மணாலியில் எடுத்த கலர் படங்கள் சப்பென்று இருக்கின்றன. கருப்பு வெள்ளையாக மாற்றினால் எடுபடுமா? (திருப்பூர்)

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. ஏனுங்க, பின்னலில் விழுந்த ஓட்டையைச் சாயம் போட்டு அடைக்க முடியுமா? நீங்கள் அனுப்பிய மூன்றும் உச்சி வெயிலில் எடுத்தவை. நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் பனிக்கு உருவமே இல்லை. இருந்த கொஞ்சம் நிறத்தையும் எடுத்துவிட்டால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். உடனே கான்ட்ராஸ்ட்டை நூறுக்குத் தள்ளி, 'கலை' என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

கருப்பு வெள்ளை என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 1927-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், கலிஃபோர்னியாவின் ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். வானம் தான் நினைத்த அளவுக்குக் கறுக்காது என்று பட்டதும், மிச்சமிருந்த ஒரே கண்ணாடி பிளேட்டில் (அந்தக் கால ஃபிலிம்) அடர்சிவப்பு போட்டு எடுத்தார். பேர் வாங்கியது அந்தப் படம்தான். உங்கள் வேலை அதைவிடச் சுலபம். கேமராவை மோனோக்ரோமில் வைத்து ராவில் எடுங்கள். திரை கருப்பு வெள்ளையில் காட்டும், ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும். காலை, மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் நில்லுங்கள். ஈரப்பாறையோ தேவதாரு மரமோ, கறுப்பாக ஒன்றை ஃப்ரேமில் பிடியுங்கள். கறுப்பு இருந்தால்தான் வெள்ளை தெரியும். வீட்டுக்கு வந்து நீலத்தை இறக்கினால் வானம் தானாகக் கறுக்கும்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடுகிறது.

இன்னொன்றைச் சட்டையின் உள்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இறங்கிப்போன பேட்டரியும் சூடேறினால் கொஞ்சம் உயிர் பெறும்.

அறைக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி பிடிக்கிறது. (கோபி)

வெளியிலேயே காற்றுப் புகாத கவரில் போட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குத் திறக்காதீர்கள். மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்ளலாம். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

பனி எடுக்க நல்ல கேமரா எது?

பட்ஜெட் இல்லை, இப்போது கையில் இருப்பது என்னவென்றும் இல்லை, ஊர்ப்பேர்கூட இல்லை. இருக்கிற கேமராவில் ராவில் எடுங்கள். விவரமாக எழுதினால் அடுத்த மாதம் பார்க்கலாம்.