வாசகர் கேள்வி பதில்: அடுத்தவர் நிலத்தில் மான் வேட்டை, அனுமதி கைவிட்டுப் போகாமல் இருக்க

மான் வேட்டை பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை ஒஹாயோ கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளிமாநிலத்துக்காரர்கள் அயோவாவில் மான் பெர்மிட் வாங்க வேண்டுமானால் குலுக்கலில் பெயர் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒஹாயோவில் யார் வந்தாலும் லைசென்ஸும் பெர்மிட்டும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே காட்டுக்குள் போகலாம், பெரிய கொம்பு மான்களுக்கும் பெயர் போன மாநிலம். அதனால் நல்ல பண்ணை ஒவ்வொன்றின் வாசலிலும் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. நம் வாசகர்கள் பலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

தென்கிழக்கு ஒஹாயோவில் ஒரு பெரியவரின் பண்ணையில் சில வருடங்களாக வில் வேட்டைக்குப் போகிறேன். எண்பது ஏக்கர், பாதி சோயாவும் மக்காச்சோளமும், மீதி காடு. இதுவரை நான் ஒருவன்தான். இந்த சீசனில் அவர் இன்னும் இரண்டு பேருக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அதில் ஒருவர் மரத்தில் கட்டிய என் பரணுக்கு நூறு கஜம் தள்ளித் தன் பரணைக் கட்டி, மானை இழுக்கக் கீழே சோளத்தையும் கொட்டி வைத்திருக்கிறார். பெரியவரிடம் முறையிடலாமா? அடுத்த வருடம் எனக்கு இடம் இருக்குமா? (எஸ். கே., கொலம்பஸ்)

முறையிடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதைப் பெரியவரின் வாசலில் கொண்டுபோய் இறக்கினால் நஷ்டம் உங்களுக்கு. அவர் பாவம், அறுவடை நேரத்தில் மழை வருமா, இயந்திரம் மக்கர் பண்ணுமா என்று அலைந்துகொண்டிருப்பவர். வேட்டைக்காரர்களுக்குப் பஞ்சாயத்து பண்ண அவருக்கு நேரமும் கிடையாது, ஆசையும் கிடையாது. மூன்று பேர் அடித்துக்கொண்டால் யார் சொல்வது சரி என்று விசாரிக்க மாட்டார், "இனிமேல் யாருமே வர வேண்டாம்" என்று கேட்டைப் பூட்டிவிடுவார். அது அவருடைய நிலம், யாரை வேண்டுமானாலும் விடலாம், அந்த இன்னொருவரும் உங்களைப் போலவே அனுமதி வாங்கி வந்தவர்தான்.

அந்த ஆளிடமே நேராகப் போய்ப் பேசுங்கள். அவர் வண்டி நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும், கண்ணாடியில் உங்கள் பெயரும் நம்பரும் எழுதி ஒரு சீட்டு செருகிவிட்டு வந்தால் போதும், பெரும்பாலானவர்கள் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் பரண் தகராறை எடுக்க வேண்டாம். நீங்கள் எந்த வழியாக உள்ளே போகிறீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே உட்காருவீர்கள் என்று முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், அப்புறம் அவர் பக்கத்தைக் கேளுங்கள். எண்பது ஏக்கரில் ஓடைப் பக்கம் ஒருவர், மேட்டுப் பக்கம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம், அல்லது நாள் பிரித்துக்கொள்ளலாம். அவர் மசியவில்லை என்றால் நீங்களே பரணை நகர்த்திவிடுங்கள். பத்து மரம் தள்ளி உட்கார்வதால் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

மூன்று பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் ஒரு வரி, வெளியே வந்ததும் ஒரு வரி. வில் சீசனில் இது மரியாதை, ஆனால் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை தொடங்கும் துப்பாக்கி வாரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஆரஞ்சு மேலுடை சட்டப்படி கட்டாயம்தான், இருந்தாலும் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அடுத்தவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரியாமல் துப்பாக்கியோடு உட்காரவே கூடாது.

கீழே கொட்டிய சோளத்தைப் பொறுத்தவரை, ஒஹாயோவில் தனியார் நிலத்தில் பொதுவாக அதற்குத் தடை இல்லை. மான்களுக்கு வரும் சிடபிள்யூடி நோய்க்காகக் கண்காணிப்புப் பகுதியாக அறிவித்த இடங்களில் மட்டும் கூடாது. வயாண்டாட் கவுண்டியில் 2020-ல் காட்டு மானில் அந்த நோய் தெரிந்த பிறகு அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி அறிவித்தார்கள். உங்கள் பண்ணை அங்கே இல்லை என்றால் அந்த ஆளைச் சட்டம் சொல்லித் தடுக்க முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அடுத்த வருடம் இடம் இருக்குமா என்பது. பெரியவர் எதற்காக உங்களை உள்ளே விடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் மாதத்தில் காட்டோரமாக இருக்கும் சோயா வரிசைகளைப் போய்ப் பாருங்கள், முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட செடியின் தலையை மான் கடித்துவிட்டுப் போயிருக்கும், காட்டை ஒட்டிப் பல வரிசைகள் மொட்டையாக நிற்கும். அவருக்கு அது பணம். மான் குறைய வேண்டும் என்றால் பெட்டை மான்கள் குறைய வேண்டும். ஒஹாயோவில் ஒருவர் வருடத்துக்குக் கொம்பு மான் ஒன்றுதான் எடுக்கலாம், மற்றதெல்லாம் கொம்பில்லாத மான்தான், எண்ணிக்கை கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆனால் சீசன் முழுக்க ஒரு பெரிய கொம்புக்காகக் காத்திருந்துவிட்டு, கண்ணெதிரே வரும் பெட்டை மான்களை எல்லாம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பண்ணைக்காரருக்கு அப்படிப்பட்ட ஆளால் என்ன பிரயோஜனம்? "இந்த வருடம் எத்தனை பெட்டை எடுக்கலாம், எந்த வயலில் சேதம் அதிகம்?" என்று நீங்களே கேளுங்கள், கேட்டபடி எடுத்தும் கொடுங்கள். மூன்று பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால் அவர் மனதில் முதலில் வருவது இதுதான். கறி உங்கள் வீட்டு ஃப்ரீசருக்கு அதிகம் என்றால், வேட்டைக்காரர்கள் தானமாகத் தரும் மானின் கறியை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் ஃபார்மர்ஸ் அண்ட் ஹண்டர்ஸ் ஃபீடிங் த ஹங்ரி அமைப்பு ஒஹாயோவில் இயங்குகிறது, அங்கே கொடுக்கலாம். பெரியவருக்குக் கறி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் வெட்டிப் பொதிந்து, தேதி எழுதிக் கொடுங்கள், முழு மானைக் கொண்டுபோய் வாசலில் போடாதீர்கள்.

அப்புறம் மரம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தென்கிழக்கு ஒஹாயோவில் ஒயிட் ஓக்கும் வால்நட்டும் நிற்கும் காடு என்பது குடும்பத்தின் சேமிப்பு, மகள் படிப்புக்கோ கடனுக்கோ ஒருநாள் வெட்டி விற்பதற்காக விட்டு வைத்திருப்பார்கள். அதில் ஏறுவதற்காக நீங்கள் திருகும் படி ஆணியை மரம் சில வருடங்களில் மூடிக்கொண்டுவிடும், வெளியே தெரியாது, அறுப்பு மில்லில் ரம்பம் போய் அதில் இடிக்கும். இரும்பு இருக்கிறது என்று தெரிந்தாலே மில்காரர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். வாரில் கட்டும் பரண் மட்டும் போடுங்கள், சீசன் முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். குறி பார்க்க மறைக்கிறது என்று ஒரு கிளையை வெட்டுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

ஈரமான வயலில் வண்டி ஓட்டக் கூடாது, கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும், வயிறு கீறிச் சுத்தம் செய்ததை வயல் நடுவில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: உங்கள் நண்பரை, மச்சானை, யாரையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும்.

தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் சரியாக சீசன் நடுவில் வருகிறது, தாராளமாகக் கொடுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஜூலையில் ஒரு சனிக்கிழமை போய்ப் புயலில் வேலி மேல் விழுந்த மரத்தை அறுத்துக் கொடுத்தீர்கள் என்றால் அதை அவர் வருடம் முழுக்க நினைவில் வைத்திருப்பார். அதே நாளில் அடுத்த சீசனுக்கான அனுமதித் தாளை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். ஒஹாயோவில் வாய்மொழி அனுமதி செல்லாது, எழுத்தில் வேண்டும். அந்தத் தாள் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

அம்பு பட்ட மான் வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள் போய்விட்டது. இருட்டிவிட்டது, அந்த வீட்டில் யாரும் இல்லை. ரத்தத் தடம் தெளிவாகத் தெரிந்தும் திரும்பி வந்துவிட்டேன். நான் செய்தது சரிதானா? (ஆர்., டப்ளின்)

சரிதான். மனதுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், எனக்குப் புரிகிறது. அடிபட்ட மிருகத்தை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது. ஆனால் எழுத்து அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் மானைத் தொடர்ந்து போவதும் ஒஹாயோ சட்டத்தில் குற்றம், 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்தக் கவுண்டியின் வனவிலங்கு அதிகாரிக்கு போன் போட்டிருக்கலாம், நிலத்துக்காரரைத் தொடர்பு கொள்ள அவர் உதவுவார். இதை சீசனுக்கு முன்பே முடித்துவைப்பது இன்னும் நல்லது. நீங்கள் வேட்டையாடும் நிலத்தைச் சுற்றி எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை கதவையும் ஆகஸ்டில் தட்டி, "மான் இந்தப் பக்கம் வந்து விழுந்தால் எடுக்க மட்டும் வரலாமா?" என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வேட்டைக்கு இடம் தராதவர்கள்கூட இதற்குச் சரி என்பார்கள், அடுத்த வருடம் அந்த நிலமும் உங்களுக்குத் திறக்க வாய்ப்பு இருக்கிறது.

நாங்கள் நான்கு நண்பர்கள் இலவசமாக வேட்டையாடிய பண்ணைக்கு ஒரு வேட்டைச் சுற்றுலா நிறுவனம் குத்தகை பேசுகிறது. உரிமையாளர் அம்மா எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். போட்டி போட்டுப் பணம் கொடுக்கலாமா? (பி. எம்., சின்சினாட்டி)

அவர் உங்களிடம் சொன்னதே நல்ல அறிகுறி. உங்களைப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாமலே கையெழுத்துப் போட்டிருப்பார். பணம் கொடுங்கள், ஆனால் அவர்கள் சொன்ன தொகையை எட்ட வேண்டும் என்று கடன் பட வேண்டாம். பெரும்பாலும் அந்த நிறுவனம் வாராவாரம் புதுப் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும், அந்த அம்மாவுக்கு முகம் தெரியாதவர்கள். நீங்கள் நான்கு பேர், அவருக்குத் தெரிந்த முகங்கள், தெரிந்த வண்டிகள். "வருடத்துக்கு இவ்வளவு, ஜூலையிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், நான்கு பேருக்கு மேல் ஒருவரும் வர மாட்டோம், உங்கள் பேரன் எப்போது வேட்டைக்கு வந்தாலும் அவனுக்குத்தான் முதல் இடம்" என்று சொல்லிப் பாருங்கள். பல நிலத்துக்காரர்கள் கொஞ்சம் குறைந்த பணத்துக்கு இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதில் அடுத்த வருடம் வேறு யார் கேட்டாலும் முதலில் உங்களைக் கேட்க வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பயிர் வேலைக்கு வரும் ஆள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பதையும் எழுதுங்கள், பிறகு அதை வைத்து மனஸ்தாபம் வராது. பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்து அவர் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். இலவசமாக வேட்டைக்கு விடும் நிலத்துக்காரருக்கு, வந்தவருக்கு அடிபட்டால் வழக்கிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது, ஆனால் பணம் கைமாறினால் பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒஹாயோ சட்டம் குத்தகைப் பணத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது, இருந்தாலும் அவருடைய இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அந்த அம்மா பயப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. இந்தியப் பெண், தனியாகப் போய் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. (வி., கிளீவ்லாண்ட் அருகே)

உங்கள் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள், அங்கே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் நம் வாசகிகள் சிலர் சொன்னது, கிராமத்தில் பல பேருக்கு முதலில் ஆச்சரியம், அடுத்து ஆர்வம், பேச்சு நீண்டு காபியில் முடிகிறது. முதல் சில வீடுகளுக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், தவறே இல்லை.

கவுண்டி ஆடிட்டர் இணையதளத்தில் நில வரைபடம் இருக்கும், எந்தத் துண்டு யாருடையது என்று பெயரோடு தெரியும். பகலில், சாதாரண உடையில் போங்கள், வேட்டை உடை வேண்டாம். வில் சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது, அப்போது போனால் நீங்கள் பத்தாவது ஆள். ஏப்ரலில், நடவுக்கு முன் போனால் நீங்கள் மட்டும்தான். அனுமதித் தாளில் உங்கள் பெயர், போன், வண்டி நம்பர் எல்லாம் நிரப்பியே கொண்டுபோங்கள். "பெட்டை மான் மட்டும் எடுக்கிறேன், வில் மட்டும்தான்" என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஏற்கனவே இன்னொருவருக்கு அனுமதி கொடுத்தவர்கூட இதற்குத் தலையாட்டுவார்.

நான் வேட்டையாடிய பண்ணையின் உரிமையாளர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். மகன் சிகாகோவில் இருக்கிறார். இனி என்ன செய்வது? (ஜே., டேட்டன்)

முதலில் துக்கம் விசாரிக்கப் போங்கள், முடிந்தால் இறுதிச் சடங்குக்கே போயிருக்க வேண்டும். அங்கே வேட்டைப் பேச்சு எடுக்க வேண்டாம். அவர் கொடுத்த தாள் இனி உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பி உள்ளே போய்விடாதீர்கள், புதிய உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். கொஞ்ச நாள் கழித்து மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஊரில் இல்லாதவருக்குப் பெரிய கவலை நிலத்தில் யார் நுழைகிறார்கள், யார் குப்பை கொட்டுகிறார்கள் என்பதுதான். மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்து, வேலி, கேட், கொட்டகைக் கூரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். அத்துமீறி நுழைந்தவன் யாராவது உங்கள் டிரெயில் கேமராவில் பட்டால் அந்தப் படத்தை மகனுக்கு அனுப்புங்கள், நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள்.

அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரையும் பார்த்து வையுங்கள். மகன் யோசனை கேட்பது அவரிடமாகத்தான் இருக்கும், நிலத்தை விற்றால் வாங்குபவரும் பல சமயம் அவரேதான். அவர் உங்களைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது.

இது எதுவும் நடக்காமல் இந்த சீசன் போய்விட்டால், வெய்ன் தேசியக் காடு இருக்கிறது, லைசென்ஸும் மான் பெர்மிட்டும் இருந்தால் போதும். ஓல்ஹாப் என்று மாநில வனவிலங்குத் துறை நடத்தும் திட்டத்தில் சேர்ந்த தனியார் நிலங்களும் உண்டு, அந்தந்த நாளுக்கு இலவச அனுமதிச் சீட்டு இணையத்திலேயே எடுக்கலாம். நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும், முந்திக்கொள்ளுங்கள்.