பரிசு வாங்கிய பூச்சிக்காளைக்குச் சேர்த்தால் நல்ல உழவு மாடு பிறக்குமா?

தாராபுரம் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கியிருப்பதாகவும், கையிலுள்ள காங்கேயம் கிடாரியைக் கண்காட்சியில் பரிசு பெற்ற பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடும் பொலிகாளைக்கு, சேர்த்தால் ஏருக்கும் வண்டிக்கும் ஏற்ற காளைக்கன்று கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கலாம், ஆனால் பரிசை மட்டும் நம்பிச் சேர்க்க வேண்டாம். நான் அப்படிச் சேர்த்து, அதன் விலையை என் தந்தையின் கையால் கொடுத்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2008-இல் எங்கள் கட்டுத்தரையில் ஒரு நல்ல மயிலைப் (வெண்சாம்பல் நிற) பசு இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு காரிக்காளையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிறை போல வளைந்து நுனி கூடிய கொம்பு, மலை போன்ற திமில், கழுத்திலும் தொடையிலும் இறங்கிய கருமை என்று அதன் தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது யாரை அருகில் விடும், யாரை விடாது என்று நான் கேட்கவே இல்லை. அதைப் பிடித்துவர இரண்டு கயிறும் மூன்று ஆட்களும் தேவைப்பட்டதைக் கண்ணால் பார்த்தும், வீரியமுள்ள காளை என்றே மகிழ்ந்தேன். மறு ஆண்டு கன்று பிறந்தது. காங்கேயம் கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் மாறி, கொம்பு முளைத்து, தகப்பனின் அச்சாகவே அவன் வளர்ந்தபோது வீட்டில் இருந்த எல்லோருக்கும் பெருமை.

காயடித்து, மூக்கணாங்கயிறு குத்தி, 2012-இல் பழகிய கிழமாட்டுக்கு வலத்தில் பூட்டினோம். நுகத்தடியைக் கழுத்தில் வைத்துப் பூட்டாங்கயிற்றை அடித்தொண்டைக்குக் கீழே கொண்டுவந்ததுமே அவன் படுத்துவிட்டான். முதல் நாள் எந்த மாடும் செய்வதுதான் என்று விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்தும் அப்படியே இருந்தான். படுக்காத நாளில் பக்கவாட்டில் பாய்ந்தான். ஒரு காலையில் அவ்வாறு பாய்ந்தபோது ஏர் புரண்டு, மேழியைப் பிடித்திருந்த அப்பாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் காளையைத் தரகர் மூலம் பொள்ளாச்சிச் சந்தைக்கு அனுப்பினோம். அங்கிருந்து அது எங்கே போயிருக்கும் என்பது இந்தப் பகுதியில் மாடு வளர்க்கிற எவருக்கும் தெரியும். அதன் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை; கொம்பைப் பார்த்துத் தகப்பனைத் தேர்ந்தவன் நான்.

மாட்டின் குணம் பழக்கத்தால் வருவது, பிறப்பால் வருவதில்லை என்று சிலர் இங்கே மறுப்பு எழுதக்கூடும். பழக்கத்தின் பங்கை நானும் மறுக்கவில்லை. கன்றாக இருக்கும்போதே தினமும் தடவி, காலைத் தூக்கி, கயிற்றில் நடத்திப் பழக்கிய மாடு வேறு, பட்டியில் விட்டுப் பிடித்த மாடு வேறு. ஆனால் ஒரே கட்டுத்தரையில், ஒரே ஆளின் கையில் வளர்ந்த கன்றுகளில் ஒன்று பூட்டிய மூன்றாம் நாளே சால் பிடித்து நடப்பதும், இன்னொன்று கடைசிவரை மிரள்வதும் ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

2013-இல் என் பெரியப்பாவை உடன் அழைத்துக்கொண்டு வேறு காளை தேடிப் போனேன். வாழ்நாள் முழுதும் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் நீர் இறைத்தவர்; வண்டி ஓட்டியவர். முதலில் பார்த்த காளையின் கொம்பை நான் புகழ்ந்தபோது, "கொம்பா கண்ணு ஏர் இழுக்கப் போகுது?" என்று கேட்டார். காளையை விட்டுவிட்டு அதன் தாயைக் காட்டச் சொன்னார். காலைக் கட்டாமல் அந்தப் பசுவைக் கறக்கிறார்களா என்று பார்த்தார். அதன் பிறகு காளையை ஈர மண்ணில் நடக்கவிட்டுப் பின்னாலேயே குனிந்து நடந்தார். பின்னங்கால் குளம்பு முன்னங்காலின் தடத்திலேயே விழுகிறதா, அதற்குப் பின்தங்கி விழுகிறதா என்பதை விரலால் அளந்து காட்டினார். பின்தங்கினால் நடை குறுகியது. பாரத்தோடு நெடுந்தூரம் போகாது. குளம்பு கறுத்து, இறுகி, பிளவு விரியாமல் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் அதே காளைக்குப் பிறந்து ஏரில் ஓடும் மாடுகளைப் பார்த்த பிறகே சம்மதித்தார். மாட்டின் உடலில் மயிர்ச்சுழி பார்த்து வாங்குபவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர் சுழியைக் கடைசியில்தான் பார்த்தார்.

இந்த இனம் இன்றைக்கு ஒரே உருவில் நிற்பதற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் போன்றவர்கள் பட்டியில் தேர்ந்து தேர்ந்து வளர்த்தது பெரிய காரணம். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் கொண்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு இன்னொரு காரணம். உங்கள் ஐந்து ஏக்கரில் ஒரு பகுதியையாவது கொறங்காடாக விடுங்கள். மேய்ந்து நடந்து வளராத கன்றுக்குக் கால் உறுதிப்படாது. பாலையும் முழுவதும் கறந்துவிடாமல், கன்றுக்கென்று இரண்டு காம்பை விட்டுவையுங்கள்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை நான் மருத்துவன் அல்லன், பட்டதைச் சொல்கிறேன். ஊர்ப் பசுக்கள் எல்லாம் வந்துபோகிற பூச்சிக்காளையால் கருச்சிதைவு நோய் பரவ இடமுண்டு. ஆகவே காளையின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அதே காளை ஓர் ஊரில் பல ஆண்டு நின்றால் அதன் மகள்களே அதனிடம் வந்து சேரும். அப்படிப் பிறந்த நோஞ்சான் கன்றுகளைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். காளை தேடி அலைந்த அந்த ஆண்டில், எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகம் ஒன்றில் காங்கேயம் சினை ஊசி கேட்டுப் போனேன். இருப்பு இல்லை, ஜெர்சி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜெர்சியை நான் பழிக்கவில்லை. பால் வியாபாரத்துக்கு அது தேவை. 2000-ஆம் ஆண்டு அஞ்சல் தலையில் இடம்பெற்ற ஓர் இனத்துக்கு, அதன் சொந்த மண்ணில் ஒரு சினை ஊசி கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். டிராக்டர் இருக்கும்போது மாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: எங்கள் வீட்டிலும் டிராக்டர் ஓடுகிறது, பயிருக்கிடையே ஊடுழவு ஓட்டவும், மழை ஈரத்தில் இறங்கவும் மாடுதான் தோது.

பெரியப்பா தேர்ந்த காளைக்கு 2014 தை மாதத்தில் பிறந்தவன் இப்போதும் எங்கள் வண்டியில் இடத்து மாடு. அப்பா ஒற்றைக் கையால் அவனுக்குப் பூட்டாங்கயிறு போடுகிறார். அவனே கழுத்தைத் தாழ்த்திக் கொடுக்கிறான்.

உங்கள் கிடாரி இன்னும் இளவயதில், இரண்டு பல்லில்தான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவசரமில்லை. அந்தப் பரிசுக் காளையின் வீட்டுக்கு, வருவதாகச் சொல்லாமல், விடியற்காலையில் போங்கள். உரிமையாளர் அல்லாத வேறு யாராவது அதைத் தண்ணீருக்கு அவிழ்க்கும்போது அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்.