பழையபடி என்றால் எந்தப் பழையபடி?

வணக்கம்.

எனக்கு 27 வயது. 24-இல் திருமணம், பதினாலு மாதத்தில் பிரிந்துவிட்டோம், போன மாதம் தீர்ப்பும் வந்துவிட்டது. பெரிய சண்டை எதுவும் இல்லை, ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அவர் நினைவு வருவதில்லை, ஆனாலும் என்னவோ போல இருக்கிறது. அடுத்த வாரம் புது வேலையில் சேர்கிறேன். அங்கே இதைச் சொல்ல வேண்டுமா? மறைத்தால் பொய்யாகிவிடுமா? எப்படியாவது பழையபடி ஆகிவிட்டால் போதும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அந்தப் 'பழையபடி'யில் வந்து இடறினேன். சில நாளாக என் மண்டைக்குள்ளும் இதே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

எந்தப் பழையபடி? 24 வயதில் இருந்தாளே, அந்தப் பெண்ணா? கோபம் வந்தால் தன்னால் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கல்யாணமே ஆகாமல் இருந்திருந்தாலும் இந்நேரம் அவள் வேறு ஆளாகத்தான் ஆகியிருப்பாள். அவளைப் போய் எங்கே தேடப் போகிறீர்கள்?

எனக்கு 26-இல் விவாகரத்து ஆனது. அவருக்கு விளக்கு எரிந்தால் தூக்கம் வராது. அதனால் ராத்திரியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே வந்து, கதவடியில் வெளிச்சம் போகாதபடி ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து படிப்பேன். பிரிந்து தனியாக வந்து நாலைந்து மாதம் கழித்து, ஒருநாள் படித்து முடித்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்திருக்கும்போது பார்க்கிறேன், கதவடியில் துண்டு. உள்ளே யாருமே இல்லை. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். மறுநாள் வீம்புக்கென்றே விளக்கைக் கட்டில் பக்கத்தில் வைத்து, கல்யாணத்துக்கு முன்னால் படித்த மாதிரி படுத்துக்கொண்டு படித்தேன். இரண்டாவது பக்கத்தில் தூங்கிப்போனேன். இன்றைக்கும் தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறேன், துண்டு மட்டும் கிடையாது. இந்தப் பழக்கம் யாருடையது என்று சொல்லுங்கள் பார்ப்போம். அந்த வருடங்களை அழித்தால் இதுவும் போய்விடும், எனக்கு இது வேண்டும்.

அவர் நினைவு வராமலேயே என்னவோ போல இருப்பதில் வினோதம் ஒன்றுமில்லை. ஸ்லாட்டர், கார்ட்னர், ஃபிங்கல் என்ற மூன்று உளவியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறவு முறிந்தவர்களுக்கு 'நான் யார்' என்பதே மங்கிப்போகிறது, அந்த மங்கலோடு வேதனையும் சேர்ந்தே வருகிறது என்று. நீங்கள் தேடுவது அவரை இல்லை, உங்களைத்தான். ஆனால் தப்பான இடத்தில், மூன்று வருடம் பின்னால் போய்த் தேடுகிறீர்கள். சண்டையே இல்லையே, அப்புறம் ஏன் வலிக்கிறது என்றும் குழம்ப வேண்டாம். ஹோம்ஸ், ரே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் போட்ட மன அழுத்தப் பட்டியலில் விவாகரத்துக்கு நூற்றுக்கு 73 புள்ளி. கல்யாணத்துக்கே 50, அது வேறு கதை.

ஆமாம், வேலையில் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவர்களிடம் எதற்கு? சொல்லாமல் இருப்பதெல்லாம் பொய்யாகாது. சேர்ந்த பிறகு எழுதுங்கள். என்ன வேலை என்று ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள்.