6எல்6 இருந்த இடத்தில் இஎல்34 பொருத்தலாமா?

"என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 6எல்6 பவர் வால்வுகள் உள்ளன. இஎல்34 வால்வும் அதே சாக்கெட்டில் பொருந்துகிறது. மாற்றினால் போதுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போதாது. சாக்கெட் ஒன்றே தவிர, இரண்டும் வெவ்வேறு வழிகளில் பிறந்தவை. வால்வு என்பது ஒரு வெற்றிடக் குழாய்: அதில் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் பாய்கின்றன, நடுவே உள்ள கிரிட் எனப்படும் கம்பிவலைகள் அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்துகின்றன. தொடக்ககால டெட்ரோடு (நான்கு மின்முனை) வால்வுகளில், பிளேட்டில் மோதிய எலக்ட்ரான்கள் அங்கிருந்து வேறு எலக்ட்ரான்களைத் தெறிக்கவிட, அவை பிளேட்டுக்கு முன்னுள்ள ஸ்கிரீன் கிரிட்டை நோக்கித் திரும்பியதால் வால்வின் இயக்கம் ஒழுங்கு கெட்டது. பிலிப்ஸ் ஆய்வகத்தின் பெர்னார்ட் டெல்லெகன் 1926இல் ஸ்கிரீனுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மேலும் ஒரு கிரிட்டை வைத்து இதைத் தடுத்தார், அதுவே ஐந்து மின்முனைகள் கொண்ட பென்டோடு. அந்தக் காப்புரிமையைத் தொடாமல் அதே பயனை அடைய, எலக்ட்ரான்களைக் கற்றைகளாகக் குவிக்கும் முறையை பிரிட்டனின் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர்கள் 1930களில் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936இல் வெளியிட்ட 6எல்6 அந்தக் கற்றை வகையைச் சேர்ந்தது. பின்னாளில் ஐரோப்பாவில் வந்த இஎல்34 உண்மையான பென்டோடு.

இந்த வேறுபாடு வால்வின் அடியில் உள்ள இணைப்பு முட்களில் (பின்களில்) முதலாம் முள்ளில் வெளிப்படுகிறது. இஎல்34இல் அந்த நடுக் கிரிட் முதலாம் முள்ளில்தான் முடிகிறது. அதை எட்டாம் முள்ளான கேத்தோடுடன் இணைக்க வேண்டும். 6எல்6 கண்ணாடி வால்வுகளில் முதலாம் முள்ளுக்கு வேலை இல்லாததால், ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் கிரிட் ரெசிஸ்டரின் ஒரு முனையை அங்கேயே பற்றவைத்திருப்பார்கள். அதில் இஎல்34ஐச் செருகினால், கேத்தோடின் மின்னழுத்தத்தில் நிற்க வேண்டிய கிரிட்டுக்கு, வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் மின்னழுத்தமும் சிக்னலும் போய்ச் சேரும். மேலும், கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6எல்6இல் 0.9 ஆம்பியர் போதும். இஎல்34 ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு வால்வுகளுக்குக் கூடுதலாகும் 1.2 ஆம்பியரைப் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பதே என் முதல் கவலை.

மார்ஷல் ஆம்ப்களின் கதையையும் நினைவில் கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பின்பற்றித் தொடங்கிய அவை, 6எல்6 குடும்பத்து வால்விலிருந்து கேடி66 என்ற வால்வு வழியாக இஎல்34க்கு வந்தன. அதனால் வந்த ஒலி மாற்றத்தைப் பலரும் வால்வுக்கு மட்டும் உரியதாக்குகிறார்கள். அதில், வால்வுகளை ஸ்பீக்கருடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

எனவே டெக்னீஷியனிடம் ஹீட்டர் மின்னோட்டம், முதலாம் முள் இணைப்பு, பயாஸ் மூன்றையும் சரிபார்த்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடியை நீங்களே திறக்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.