பட்டன் ஃபெர்னுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: வட்ட வட்ட இலை கொண்ட பட்டன் ஃபெர்ன் ஒன்றை வீட்டுக்குள் வளர்க்கிறேன். பெரணிக்கு ஈரம் பிடிக்கும் என்பதால் தினமும் தண்ணீர் ஊற்றி, காலை மாலை இலைமேலும் தெளிக்கிறேன். போன மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், அடியில் கூழாங்கல்லும் போட்டேன். இப்போது அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. சில இலைகளின் பின்புறம் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கோடு மாதிரி இருக்கிறது. செதில் பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

பதில்: முதலில் அந்த மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பூச்சி இல்லை, செடியின் வித்துகள், அதாவது பெரணி இனம் பெருக்கும் தூள் மாதிரியான ஸ்போர்கள். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது, இலையின் பின்புறத்தில்தான் வித்து உண்டாகும், இந்த வகையில் அது இலையின் விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஒழுங்கான கோடாக வரும். செதில் பூச்சிக்கு அந்த ஒழுங்கு தெரியாது, நடுநரம்பிலும் காம்பிலும் கண்ட இடத்தில் மேடு மேடாக ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் தனியாகக் கழன்று வரும், இலையிலும் பிசுபிசுப்பு இருக்கும். அப்படி இருந்தாலும் பஞ்சால் துடைத்து எடுங்கள், போதும். பெரணி இலைகள் எண்ணெய் கலந்த மருந்தைத் தாங்குவதில்லை, பூச்சியைவிட மருந்து கருக்கிய இலைதான் அதிகமாக இருக்கும்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். எல்லாப் பெரணியும் ஓடைக்கரைச் செடி என்று நினைத்துவிட்டீர்கள். உங்களுடையது அந்தக் கூட்டம் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த இதன் பெயர் பெல்லேயா ரொட்டண்டிஃபோலியா. பெல்லேயா இனத்துப் பெரணிகளில் பல பாறை இடுக்கில் வளர்பவை, இதுவும் அங்கே பாறைப்பாங்கான இடங்களிலும் கொஞ்சம் வறண்ட காடுகளிலும் இருக்கும். பாறை இடுக்கில் மண் எவ்வளவு இருக்கும்? ஒரு கைப்பிடிகூடத் தேறாது. மழை பெய்தால் நனையும், தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும், அப்புறம் கல்லுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ச்சியும் லேசான ஈரமும்தான் மிச்சம். வேருக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கிற இடம் அது. இலை தோல் மாதிரித் தடிமனாக இருப்பதும் அந்த வாழ்க்கைக்காகத்தான்.

நீங்கள் கொடுத்திருப்பது நேர் எதிர். பெரிய தொட்டியில் சின்ன வேர்க்கட்டு இருந்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும், அதில் வேர் மூச்சு முட்டி அழுகும். அடியில் போட்ட கூழாங்கல்லும் உதவாது. நிறைய பேர் இதைச் செய்கிறார்கள், ஆனால் மண்ணில் ஊறிய தண்ணீர் கல் அடுக்குக்குச் சுலபமாக இறங்காது, அதற்கு மேலேயே தேங்கும், ஆக ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல் போட ஆசையாக இருந்தால் மண்ணோடு கலந்து போடுங்கள்.

செடியை வெளியே எடுங்கள். கருத்து, குழைந்து, நாற்றம் அடிக்கிற வேர்களை வெட்டி எறியுங்கள். மண்ணின் மேல்மட்டத்தில் படர்ந்து போகும் மட்டத்தண்டுதான் உயிர், அது கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துவிடும், அமுக்கினால் கூழாகிற பகுதியை மட்டும் நீக்குங்கள். பிறகு வேர்க்கட்டைவிட இரண்டு விரல் மட்டும் அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் நடுங்கள், இதன் வேர் ஆழம் தேடிப் போவதில்லை. மக்கு கலந்த சாதாரணத் தொட்டி மண் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கமாக்கும் எடையில்லாத வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, பொடிக்கல்லோ மரப்பட்டைத் துண்டோ ஒரு பங்கு. மட்டத்தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வேண்டாம். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், மேலே 2 செ.மீ. காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடிகிற வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அதற்காகக் காயவும் போட்டுவிடக் கூடாது. பாறைப் பெரணிகளில் சில, காய்ந்து சுருண்டு செத்த மாதிரிக் கிடந்து மழை வந்ததும் விரியும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் உங்கள் செடிக்கு அந்த வித்தை தெரியாது, மொறுமொறுவென்று காய்ந்த இலை காய்ந்ததுதான்.

இலைமேல் தெளிப்பதை நிறுத்துங்கள். காற்றின் ஈரப்பதம் அதனால் சில நிமிடத்துக்கு மேல் கூடாது, நெருக்கமான இலைகளுக்குள் தண்ணீர் தங்கி அழுகல்தான் வரும். மற்றப் பெரணிகளைவிட இது வறண்ட காற்றை நன்றாகவே தாங்கும். வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கட்டும், ஆனால் உச்சி வெயில் நேராக விழக் கூடாது. 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதற்கு இதமாக இருக்கும்.

உரம் இப்போது தொடவே வேண்டாம், வேர் அடிபட்டிருக்கிறது. புதுக் குருத்து சுருள் சுருளாக நிமிர ஆரம்பித்த பிறகு, திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து மாதம் ஒரு முறை கொடுங்கள். மஞ்சளான பழைய இலைகள் மறுபடி பச்சையாகாது, அவற்றை அடியோடு கத்தரித்துவிட்டு, நடுவில் குருத்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வாரக்கணக்கில் ஆகலாம்.