பாரிஸ் போலாம்மா, ஆனா ஜனவரி 9 உங்க கண்ணுலயே படலையே

(இது 2021 டிசம்பர் 21, செவ்வாய்க்கிழமை, ஓமிக்ரான் கொரோனா பரவின நேரத்துல எழுதினது. இதுல வர்ற கொரோனா ரூல், லிஸ்ட், ஃபிளைட் விவரம் எல்லாம் அப்போ இருந்தது, இப்போதையது இல்ல.)

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு சொந்த ஊர் காரைக்கால், செப்டம்பர் கடைசில மாஸ்டர்ஸ் படிக்க முனிச் வந்தேன். வந்ததுல இருந்து பாதி கிளாஸ் ஜூம்லதான், ஹாஸ்டல் ரூம்ல நானும் லேப்டாப்பும் மட்டும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடுது, சில நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமலே தூங்கிடறேன். பாரிஸ் பக்கத்துல பெரியம்மா பொண்ணு இருக்காங்க, அஞ்சு மாச கைக்குழந்தை, பெரியம்மாவும் அங்கதான். 23ஆம் தேதி வந்து ஜனவரி 2 வரைக்கும் இருந்துட்டுப் போன்னு கூப்பிடறாங்க. அம்மா என்னன்னா எங்கயும் போகாத, பேசாம டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துடுன்னு போன்ல அழறாங்க. சென்னைல ரெண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டுட்டுத்தான் வந்தேன், ரெண்டாவது ஆகஸ்ட்ல. ஃப்ரான்ஸ்ல அது செல்லுமா? திரும்பி ஜெர்மனிக்குள்ள விடுவாங்களா? விசா ஜனவரி 9 வரைக்கும் இருக்கு, ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் இன்னும் கிடைக்கல. போலாமா வேணாமான்னு ஒரே வார்த்தைல சொல்லுங்கக்கா.
பெயர் வேண்டாம், முனிச்

பதில்: ஒரே வார்த்தைன்னா, போங்க. ஆனா ஜனவரி 2 எல்லாம் வேணாம், டிசம்பர் 28 செவ்வாய்க்கிழமை திரும்பிடுங்க.

நீங்க தடுப்பூசியப் பத்தி, பார்டரப் பத்தியெல்லாம் விலாவாரியா கேட்டுட்டு, விசா ஜனவரி 9ல முடியுதுங்கறத போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. உங்க லெட்டர்ல என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த ஒரு வரிதான். இந்த நேரத்துல எல்லாரும் "போக விடுவாங்களா"ன்னே கேக்கறாங்க, போக விடறாங்கம்மா, அதுல பெரிய சிக்கல் இல்ல, போன இடத்துல பாசிட்டிவ் ஆயிட்டா பத்து நாள் எங்க இருப்பீங்க, அதுக்குள்ள எந்த பேப்பர் எக்ஸ்பயர் ஆகும், அதை யோசிச்சுட்டு டிக்கெட் போடணும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஃப்ரான்ஸ்ல இப்ப பாசிட்டிவ்னா 10 நாள் தனிமை. ஜனவரி 1 அன்னைக்கு உங்களுக்கு தொண்டை கரகரன்னு ஆரம்பிச்சு டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துச்சுன்னா 11ஆம் தேதி வரைக்கும் அக்கா வீட்ல ஒரு ரூம்ல, விசா 9ஆம் தேதியே முடிஞ்சிருக்கும், நீங்க இன்னொரு நாட்டுல. அதே 28ஆம் தேதி காலைல கிளம்பும்போது பாசிட்டிவ்னு தெரிஞ்சாலும் 7ஆம் தேதி வெளிய வந்து 8ஆம் தேதிக்குள்ள முனிச் வந்துடலாம். ஒரு நாள்தான் கையில மிச்சம், ஆனாலும் இருக்கு. 31ஆம் தேதி ராத்திரிக்காக அங்க இருக்கணுமான்னா, ஷாம்ஸ் எலிசே வாணவேடிக்கையே கேன்சல்னு சொல்லிட்டாங்க, அதனால அதுலயும் பெருசா ஒண்ணும் போகல.

அடுத்தது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு சும்மா இருக்காதீங்க. அப்பாயின்ட்மென்ட் வேற, அப்ளிகேஷன் வேற. விசா முடியறதுக்கு முன்னாடி ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளிகேஷன் உள்ள போயிருந்தா, அவங்க முடிவு சொல்ற வரைக்கும் பழைய விசா செல்லும்னே எடுத்துக்கணும், ஜெர்மன் சட்டமே அப்படித்தான் சொல்லுது. இங்க இருக்கற நம்ம பசங்க நிறைய பேர் இது தெரியாம அப்பாயின்ட்மென்ட் சைட்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரிஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி, அதாவது இன்னைக்கோ நாளைக்கோ, ஆன்லைன்ல அப்ளிகேஷனைப் போடுங்க, அட்மிஷன் லெட்டர், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுக்குன்னு பேங்க்ல முடக்கி வச்ச பணம்) பேப்பர், இன்சூரன்ஸ், ரூம் கான்ட்ராக்ட் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பிட்டு வர்ற கன்ஃபர்மேஷனை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க. இது இருந்தா ஜனவரி 9 தாண்டினாலும் பரவாயில்லையேன்னு தோணும், தோணக் கூடாது. அந்த பேப்பர் ஜெர்மனிக்குள்ள நிம்மதியா இருக்கறதுக்கு. ஸ்ட்ராஸ்பர்க் ஸ்டேஷன்ல ஒரு ஃப்ரெஞ்சு போலீஸ்காரர்கிட்ட ஜெர்மன் சட்டத்தை விளக்கற நிலைமை உங்களுக்கு வேணாம்.

இப்ப தடுப்பூசிக்கு வருவோம். கோவிஷீல்டை ஃப்ரான்ஸ் ஜூலையில இருந்தே ஏத்துக்கிட்டாங்க, ஜெர்மனியும் ஏத்துக்குது. ஆரம்பத்துல ஐரோப்பிய சர்டிஃபிகேட் லிஸ்ட்ல அதே மருந்து வாக்ஸ்செவ்ரியாங்கற பேர்ல இருந்துச்சு, புனேல தயாரானது இல்லன்னு பெரிய கூத்தே நடந்துச்சு, அது ஒரு வழியா ஓய்ஞ்சிருச்சு. மருந்து செல்லும், ஆனா நம்ம கோவின் சர்டிஃபிகேட்ல இருக்கற க்யூஆர் கோடை அங்க இருக்கற மிஷின் படிக்காது. பாரிஸ்ல ஒரு காபி குடிக்க உள்ள உக்காரணும்னா கூட பாஸ் சானிட்டேர்ங்கற கொரோனா பாஸ் காட்டணும், கடைக்காரர் போன்ல ஸ்கேன் பண்ணுவார், பச்சை வந்தாத்தான் நாற்காலி. மிஷின் படிக்கலன்னா அவர்கிட்ட போய் கவர்மென்ட் ஆஃப் இந்தியான்னு எல்லாம் பேசிட்டு இருக்க முடியாது. அங்க பார்மசிலயே மாத்திக்கலாம்தான், அதுக்கு 36 யூரோ வரைக்கும் வாங்கலாம்னு வச்சிருக்காங்க. அதை விட முனிச்சுலயே அப்போதெக்கேல, அதாவது மருந்துக் கடைல, பாஸ்போர்ட், ரூம் கான்ட்ராக்ட், கோவின் சர்டிஃபிகேட் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் ஐரோப்பிய சர்டிஃபிகேட்டா மாத்திடுங்க. ஒரு கடைல முடியாதுன்னு சொன்னா வாதாடாம அடுத்த கடைக்குப் போங்க, சிலருக்கு வெளிநாட்டு பேப்பர்னாலே பயம்.

போறதுக்கு முன்னாடி கோவின் சைட்ல இன்டர்நேஷனல் டிராவல் சர்டிஃபிகேட்டை புதுசா டவுன்லோடு பண்ணுங்க. பழசுல வயசு மட்டும்தான் இருக்கும், செப்டம்பர் கடைசிக்கு அப்புறம்தான் பிறந்த தேதி முழுசா வருது, பாஸ்போர்ட் நம்பரும் இருக்கணும். பேரைப் பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு வர்ற தலைவலியே இங்கதான், ஆதார்ல இனிஷியலோட இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேமா இருக்கும், கோவின்ல ஆதார்ல இருந்து அப்படியே வந்திருக்கும். மூணும் மூணு ஆளுங்க மாதிரி தெரியும். கோவின்ல பேரை ஒரு தடவை திருத்தலாம், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே மாத்திக்கோங்க. அப்போதெக்கேல அந்தம்மா கையாலதான் டைப் அடிப்பாங்க, பேர், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி எல்லாம், பிரிண்ட் வந்ததும் அங்கயே நின்னு பாஸ்போர்ட்டோட ஒத்துப் பாருங்க, சர்நேம் முன்ன பின்ன மாறியிருந்தா அப்பவே சொல்லி மாத்துங்க. கடையை விட்டு வந்துட்டா திரும்ப கியூதான்.

ட்ரெயின்லயே போங்க. முனிச்ல ஏறினா ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூவே, ஸ்ட்ராஸ்பர்க் வழியா கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்துல பாரிஸ் கார் து லெஸ்ட் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுரும், அங்கேருந்து நம்ம ஊர்க் கடைங்க இருக்கற லா ஷப்பெல் நடக்கற தூரம், இட்லி மாவு முதக்கொண்டு கிடைக்கும், வாங்கிட்டே அக்கா வீட்டுக்குப் போகலாம். நவம்பர் 24ல இருந்து ஜெர்மன் ட்ரெயின்ல 3ஜி ரூல், ஊசியோ, வந்து குணமானதோ, டெஸ்ட்டோ ஏதாவது ஒண்ணு காட்டணும், உங்ககிட்ட ஊசி இருக்கு. மாஸ்க் துணி மாஸ்க் எல்லாம் கிடையாது, எஃப்எஃப்பி2 ஒரு நாலஞ்சு வச்சுக்கோங்க. டிக்கெட் காசு கொஞ்சம் கூடப் போனாலும் தேதி மாத்தற மாதிரி எடுங்க, இந்த வருஷம் சீப் டிக்கெட்னு ஒண்ணே கிடையாது. இன்சூரன்ஸ் கார்டை மறக்காதீங்க, கவர்மென்ட் இன்சூரன்ஸ்னா கார்டோட பின் பக்கம்தான் ஐரோப்பிய ஹெல்த் கார்டு, ஃப்ரான்ஸ்ல டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா அது உதவும்.

உங்களுக்கு 24 வயசா 25 வயசா தெரியல, உங்களுக்கு வந்தா ரெண்டு நாள் காய்ச்சலோட முடிஞ்சுடலாம். அந்த வீட்ல அஞ்சு மாசக் குழந்தையும் பெரியம்மாவும் இருக்காங்க. ஓமிக்ரான் ரெண்டு டோஸ் போட்டவங்களையும் விடலன்னு இப்ப நல்லாவே தெரியுது. அதனால கிளம்பற அன்னைக்கு காலைல ஃப்ரீ டெஸ்ட் சென்டர்ல ஒரு டெஸ்ட், இடையில நிறுத்தியிருந்தாங்க, நவம்பர் 13ல இருந்து மறுபடியும் ஃப்ரீதான். போய் ரெண்டாவது நாள் வீட்லயே ஒரு செல்ஃப் டெஸ்ட். குழந்தையை அதுக்கப்புறம் தூக்கிக்கலாம், ரெண்டு நாள்ல அது ஒண்ணும் வளர்ந்துடாது. போன உடனே பெரியம்மா கட்டிப் பிடிக்க வருவாங்க, முன்கூட்டியே போன்ல சொல்லிடுங்க, வாசல்ல வச்சு சொன்னா மனசு கஷ்டப்படும். இன்னொன்னையும் போன்லயே கேட்டுடுங்க: "எனக்கு பாசிட்டிவ் வந்தா பத்து நாள் தனி ரூம் இருக்கா?" பாரிஸ் பக்கம் ரெண்டு ரூம் வீட்ல அஞ்சு பேர் இருப்பாங்க, கேக்கவே கூச்சமா இருக்கும், ஆனா இல்லன்னு பதில் வந்தா இந்தப் பயணமே வேணாம்னு அர்த்தம், நான் மேல சொன்ன "போங்க"வை வாபஸ் வாங்கிக்கறேன்.

திரும்பி வர்றதுக்கு, போன ஞாயிறு 19ஆம் தேதில இருந்து ஃப்ரான்ஸை ஜெர்மனி ஹை ரிஸ்க் லிஸ்ட்ல போட்டுட்டாங்க. பயந்துடாதீங்க, ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு அதனால குவாரன்டைன் கிடையாது, ட்ரெயின் ஏறறதுக்கு முன்னாடி ஐன்ரைசே அன்மெல்டுங்ங்கற, ஜெர்மனிக்குள்ள வர்றதை முன்கூட்டியே பதியற சைட்ல ரெஜிஸ்டர் பண்ணி அதுலயே ஊசி சர்டிஃபிகேட்டை அப்லோடு பண்ணணும், வர்ற பிடிஎஃப்பை போன்ல வச்சுக்கணும், அவ்வளவுதான். நிஜமா யோசிக்க வேண்டியது அதுக்கு மேல இருக்கற லிஸ்ட், வேரியன்ட் ஏரியான்னு சொல்றது. பிரிட்டனை நேத்து அதுல போட்டாங்க. ஏப்ரல்ல இந்தியாவைப் போட்டு ஜூலை வரைக்கும் வச்சிருந்தாங்களே, அதே லிஸ்ட்தான். அதுல வந்துட்டா ஊசி போட்டிருந்தாலும் 14 நாள் ரூம்லயே இருக்கணும், டெஸ்ட் எடுத்தெல்லாம் குறைக்க முடியாது. ஆனா அப்பவும் ஜெர்மனில குடியிருக்கற உரிமை உள்ளவங்களை உள்ள விடுவாங்க, அதனால "திரும்ப விடுவாங்களா"ங்கற உங்க பயத்துக்கு பதில், விசா உயிரோட இருக்கற வரைக்கும் விடுவாங்க. அதுக்குத்தான் ஜனவரி 9 ஜனவரி 9னு அடிச்சுக்கறேன். பூஸ்டரை வந்த பிறகு போட்டுக்கோங்க, ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் மூணு மாசமானாப் போதும்னு இன்னைக்குத்தான் சொல்லியிருக்காங்க, போறதுக்கு முன்னாடி போட்டு ட்ரெயின்ல காய்ச்சலோட உக்காந்திருந்தா பக்கத்து சீட்காரர் எழுந்து ஓடிடுவார்.

அம்மா விஷயம். அவங்க அழறதுல நியாயம் இருக்கு, ஏப்ரல் மே மாசத்துல நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தவங்க அவங்க. ஆனா இப்ப ஊருக்குப் போறது கணக்குக்கு ஒத்து வராது. டிசம்பர் 1ல இருந்து ஐரோப்பால இருந்து போறவங்களுக்கு இறங்கின உடனே பிசிஆர், ரிசல்ட் வர்ற வரைக்கும் ஏர்போர்ட்லயே காத்திருக்கணும், நெகட்டிவ்னாலும் 7 நாள் வீட்ல தனியா, 8வது நாள் மறுபடியும் டெஸ்ட். உங்க லீவே ரெண்டு வாரம், அதுல பாதி காரைக்கால் வீட்ல கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு பேசறதுல போயிடும். ரெகுலர் ஃபிளைட்டும் டிசம்பர் 15ல விடறதா இருந்துச்சு, ஜனவரி 31 வரைக்கும் தள்ளிட்டாங்க, இப்ப ரெண்டு நாடும் பேசி வச்சு விடற ஏர் பபிள் ஃபிளைட்தான், விலையைப் பார்த்தா தலை சுத்தும். அதுலயும் விசா 9ஆம் தேதி முடிஞ்சுதுன்னா ஊர்ல இருந்து புது விசாவுக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அம்மாகிட்ட வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க, பிப்ரவரில பரீட்சை முடிஞ்சு பெர்மிட் கார்டு கையில வந்ததும் வர்றேன்னு மாசத்தைச் சொல்லுங்க. 23ஆம் தேதி ராத்திரி பெரியம்மாவையே வீடியோ கால் போட்டு பேசச் சொல்லுங்க, நீங்க பத்து நாளா சொல்லி ஆறாதது அக்கா தங்கச்சி பேசினா அஞ்சு நிமிஷத்துல ஆறிடும்.

கடைசியா, யார்கூடயும் பேசாம தூங்கறேன்னு எழுதியிருந்தீங்களே, பாரிஸ் போயிட்டு வந்தா அது தீர்ந்துடும்னு நான் நினைக்கல. 28ஆம் தேதி திரும்பி வரும்போது முனிச்ல அதே ரூம், அதே இருட்டு, கிறிஸ்துமஸ் மார்க்கெட் கூட இந்த வருஷம் கேன்சல், அஞ்சு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வர்றப்ப முன்ன விட பாரமா இருக்கும். அதனால 29ஆம் தேதிக்கு இப்பவே ஒரு ஆளைப் பிடிச்சு வைங்க. ஹாஸ்டல் காமன் கிச்சன்ல பாக்கற அந்த இன்னொரு பொண்ணு, ஈரான்காரியோ இத்தாலிக்காரியோ, யாரா இருந்தாலும் சரி, அவங்களும் ஊருக்குப் போகாம மாட்டிக்கிட்டவங்கதான், சாம்பார் வைக்கறேன் சாப்பிட வர்றியான்னு கேளுங்க. மத்தியானம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மணி நேரம் வெளிய நடங்க, கிளாஸ் ரெக்கார்டிங் இருட்டின அப்புறமும் ஓடும். ராத்திரி ரொம்ப முடியலன்னா 0800 1110111, மனசு கஷ்டத்தைப் பேசற ஹெல்ப்லைன், டெலிஃபோன்சீல்சோர்கேன்னு சொல்வாங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, பேர் கேக்க மாட்டாங்க. யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட் சர்வீஸ்லயும் கவுன்சலிங் உண்டு, ஆனா அதுக்கு முன்பதிவு பண்ணிட்டு காத்திருக்கணும், அதனால மெயிலை இப்பவே போட்டு வைங்க, ஜனவரில கூப்பிடும்போது தேவைப்படலன்னா வேணாம்னு சொல்லிக்கலாம்.

இன்னைக்கு செவ்வாய். அப்ளிகேஷன் இன்னைக்கு ராத்திரி, அப்போதெக்கே நாளைக்கு காலைல, பெரியம்மாகிட்ட அந்த ரூம் விஷயத்தைக் கேக்கறது இப்பவே.