இதயம் அணையா, மோட்டாரா? – கேள்வி பதில்

மயிலாடுதுறை, பிளஸ் ஒன் மாணவி: சார், இதயத்தோட கீழறைகளான ரெண்டு வெண்ட்ரிக்கிளும் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுதுன்னா இடது பக்கச் சுவர் மட்டும் ஏன் தடிமனா இருக்கு?

நல்ல கேள்விம்மா. அளவு ஒன்றுதான், எதிர்ப்புதான் வேறு. ஓய்வில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத்தான் அனுப்புகிறது. அதற்கு 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும், 3, 4 மி.மீ. தடிமன் போதும். இடது வெண்ட்ரிக்கிள் தலையிலிருந்து கால்விரல் வரை தள்ள வேண்டும். அதற்கு 120 வேண்டும், சுவரும் ஒரு செ.மீ. வரை வேண்டும்.

இரண்டும் எவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார். வலது பக்கம் துடிப்புக்கு 1 மி.லி. கூடுதலாகத் தள்ளினால் 10 நிமிடத்தில் 700 மி.லி. ரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி ஆகாததற்குக் காரணம், உள்ளே வரும் ரத்தம் கூடினால் தசைநார் கூடுதலாக நீண்டு, அடுத்த சுருக்கத்தில் அதற்கேற்ப ஓங்கித் தள்ளுவதுதான். இடது பக்கம் பலவீனமானால் இந்த ஈடுகட்டல் தோற்கும். ராத்திரி படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார்களே, அது இதனால்தான்.

மன்னார்குடி: வாயுக் குத்துக்கும் ஹார்ட் அட்டாக்குக்கும் எப்படிங்க வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நடு நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி, வேர்வை, குமட்டல் எல்லாம் இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும்கூட இருக்கலாம். ஓமத்தண்ணீர் குடித்து ஏப்பம் வந்து சற்றுத் தேவலையானாலும் அது வாயு என்று ஆகிவிடாது. 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை வாங்கி நாக்கடியில் வைக்காதீர்கள். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஆளையே சாய்த்துவிடும். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது.

குடவாசல்: லப்டப் சத்தம் இதயம் சுருங்கும் சத்தம்தானே?

இல்லை, வால்வுகள் மூடும் சத்தம். முதலில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகள். அடுத்து பெருந்தமனி, நுரையீரல் தமனி வாயிலில் இருக்கும் அரைச்சந்திர வால்வுகள். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறின தண்ணீர் இறங்காமல் ஃபுட்வால்வு பிடித்துக்கொள்கிறதே, அதே வேலை.

திருக்காட்டுப்பள்ளி: மோட்டார்னு சொல்றீங்க. எனக்கென்னவோ மேட்டூர் அணைன்னுதான் தோணுது. தேக்கி வச்சுத் திறந்து விடுது.

அணை தண்ணீரைத் தள்ளுவதில்லை, மேட்டிலிருந்து தானாக இறங்குவதை நிறுத்தி வைத்துத் திறந்து விடுகிறது, அவ்வளவே. பூம்புகாரில் கடலில் விழுந்த காவிரி அதே வாய்க்கால் வழியாக மேட்டூருக்குத் திரும்புவதும் இல்லை. ரத்தம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுகிறது. 1628-இல் வில்லியம் ஹார்வி இதைப் பெருக்கல் கணக்கு வைத்தே நிறுவினார். இன்றைய கணக்கில் நாளொன்றுக்கு 7,000 லிட்டர். சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ரத்தம் ஊறுமா?

தலைஞாயிறு: அது கிடக்கட்டும் அண்ணே. எல்லாருக்கும் பாய்ச்சுற இதயத்துக்கே ஏன் தண்ணி பத்தாம போகுது? முதல் மதகு அதுக்குத்தானே? நாங்கதான் கடைமடை.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்கள் பெருந்தமனி வால்வை ஒட்டிப் பிரியும் முதல் கிளைகள்தான், தலைமடையேதான். ஆனால் அங்கும் முறைவைப்பு, அதாவது முறை போட்டுப் பாய்ச்சுவது, இருக்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நெரித்துவிடும். ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுத் தளரும்போதுதான் அது பெரும்பாலும் தனக்குப் பாய்ச்சிக்கொள்கிறது. 70 துடிப்பில் ஒரு சுற்று 0.85 நொடி, 150 ஆனால் 0.4 நொடி. சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரம்தான் அதிகம் வெட்டுப்படுகிறது. வேலை கூடும்போது முறை குறைகிறது. குழாய் ஏற்கெனவே சுருங்கியவருக்கு வேகமாக நடந்தால் நெஞ்சு பிடிப்பதும் நின்றால் விடுவதும் இதனால்.

திருக்காட்டுப்பள்ளி: பக்கத்து வாய்க்கால்ல இருந்து உடைச்சு விட்டுக்க முடியாதா?

கிளைக்குழாய்கள் உண்டு. மெதுவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் பெரிதாகும். கொழுப்புப் படலம் வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் நிமிடங்களில் அடைந்துவிடும். முழுதாக அடைபட்டால் உள்ளடுக்குத் தசை அரை மணி நேரத்துக்குள் சாகத் தொடங்கி, சாவு வெளியடுக்கு நோக்கிப் பரவும். வாயு வாயு என்று ராத்திரி முழுக்கக் காத்திருக்காதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். அணைக் கட்சி இத்தோடு மதகை மூடட்டும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாபநாசம்: வாயுத்தொல்லைக்கு என்ன மாத்திரை நல்லது?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவாரூர்: பையனுக்கு 12 வயசு. தொண்டை வலிக்கப்புறம் முழங்கால், கணுக்கால்னு மாறிமாறி மூட்டு வீங்குச்சு. ருமாட்டிக் ஜுரம்னு 21 நாளைக்கு ஒரு ஊசி. இப்ப நல்லாத்தான் இருக்கான், நிறுத்தலாமா அண்ணே?

நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த பென்சத்தின் பெனிசிலின் வந்த நோய்க்கல்ல, வரப்போகும் தொண்டைத் தொற்றைத் தடுக்க. மறுபடி தொற்றினால், உடம்பு அந்தக் கிருமியை எதிர்க்கப்போய் ஈரிதழ் வால்வையும் சேர்த்துத் தாக்கும். இதழ்கள் ஒட்டி வாசல் குறுகும். குறைந்தது 21 வயது வரை போட வேண்டும்; வால்வில் தழும்பு இருந்தால் 40 வரைகூட. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெண்பிள்ளைகளிடம் இந்தக் குறுகல் பல சமயம் முதல் கர்ப்பத்தில் மூச்சிரைப்பாகத்தான் வெளிப்படுகிறது. கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும், குறுகின வாசல் விரியாது.

கும்பகோணம்: பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கலாமா?

எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

ஒரத்தநாடு: அப்பாவுக்கு ஒரு மணி நேரமா நெஞ்சு பாரமா இருக்கு, வேர்க்குது. சோடா குடுத்துப் பார்த்தோம். இஞ்சிச் சாறு குடுக்கலாமா?

தம்பி, 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.